நந்திமலையிலிருந்து பாரூர் ஏரிவரை

(பாரூரில் வாசகர்கள் முன்னிலையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாரூர்ப் பெரிய ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், யோசிக்காமல் "நெடுங்கல்லிலிருந்து" என்று சொல்லிவிடும். நெடுங்கல் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரியும் கால்வாய்தான் ஏரிக்கு உயிர். நெடுங்கல்லுக்கு மேலே கிருஷ்ணகிரி அணை. அதற்கும் மேலே, ஓசூரை ஒட்டி, கெலவரப்பள்ளி அணை. அதையும் தாண்டி நடந்தால் கர்நாடகம் வந்துவிடும். அங்கே ஆற்றுக்குப் பெயர் தட்சிண பினாகினி. இன்னும் வடக்கே போய், பெங்களூரையும் கடந்து, சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் ஏறினால் ஒரு மலைத்தொடர். அங்கேதான் ஆறு பிறக்கிறது. அந்த மலைக்குப் பெயர் நந்தி.

முதல் போகத்துக்கு மதகு திறக்கும் நாளில் பாரூரின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் பாய்வது அந்த மலைச்சாரலில் புறப்பட்ட ஆற்றின் தண்ணீர்.

அந்த மலையின் பெயரைத் தாங்கி, 1962இல் தமிழில் ஒரு சிறுவர் நாவல் புத்தகமாக வந்தது. தலைப்பு 'நந்திமலைச் சாரலிலே'. சிறுவர்களுக்கான துப்பறியும் கதை. எழுதியவர் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். கோயம்புத்தூரில் பிறந்து, மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர். சி.எஸ். லட்சுமி என்பது இயற்பெயர். தமிழ் வாசகர்கள் அறிந்த பெயர் அம்பை.

'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' எழுதிய அம்பையா, 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' தொகுப்புக்காகப் பெற்ற அம்பையா என்று கேட்டால், அவரேதான். பெண்ணின் உடலையும் உழைப்பையும் தனிமையையும் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவரும் அவர், எழுத்துக்குள் நுழைந்தது சிறுவர் மர்மக் கதையின் வாசல் வழியாக. இந்தப் பேச்சு அந்த வாசலைப் பற்றியது. சிறு வயதில் நேசித்த ஒரு மர்ம நாவலுக்கு வளர்ந்த பிறகு திரும்பிப் போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியதும்கூட. கதையை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை. துப்பறியும் கதையின் முடிச்சை மேடையில் அவிழ்ப்பது இனிமேல் படிக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

கலைமகள் நிறுவனம் நடத்திய சிறுவர் இதழ் 'கண்ணன்'. அதன் ஆசிரியர் ஆர்.வி., பெரியவர்களுக்கும் நாவல்கள் எழுதியவர். அந்த இதழ் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்ற கதைதான் 'நந்திமலைச் சாரலிலே'. குழந்தைகள் பத்திரிகை நாவலுக்குப் போட்டி வைக்கிறது, பதின்ம வயதுப் பெண் ஒருத்தி முழு நாவலை எழுதி அனுப்புகிறாள், பரிசு கிடைக்கிறது, புத்தகமும் ஆகிறது. இன்றைக்குக் கேட்டால் நான்கும் ஆச்சரியமாக இருக்கிறது. அன்றைக்கு இது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. ஜோதிர்லதா கிரிஜாவும் முதலில் சிறுவர்களுக்கு எழுதிவிட்டுத்தான் பெரியவர்களுக்கு எழுத வந்தார். சிறுவர் இதழ் ஒரு எழுத்தாளருக்குத் தொடக்கப்பள்ளியாக இருந்த காலம் அது.

புனைபெயருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஆனந்த விகடனில் எழுதிய தேவனின் நாவல் 'பார்வதியின் சங்கல்பம்'. கணவனால் அலட்சியப்படுத்தப்பட்ட மனைவி ஒருத்தி அதில் எழுத்தாளராகிறாள். 'அம்பை' என்ற பெயரில் எழுதுகிறாள். லட்சுமி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அசட்டுத்தனமும் அதிர்ஷ்டமும் கைகொடுக்க வழக்குகளை முடிக்கும் 'துப்பறியும் சாம்பு'வைத் தமிழுக்குத் தந்தவரும் இதே தேவன்தான். ஆக, துப்பறியும் நாவல் எழுதி வந்த பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது துப்பறியும் கதை மன்னர் ஒருவரின் பேனாவிலிருந்து. அந்தப் பெயரைத் தேர்ந்ததிலேயே, பின்னால் அவர் எழுதப்போவதன் திசையும் தெரிகிறது.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழில் துப்பறியும் கதைக்கு வயது அப்போதே எழுபதை நெருங்கியிருந்தது. பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894இல் வந்தது. பின்னால் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு. இவையெல்லாம் பெரியவர்கள் படிக்கும் புத்தகங்கள். பிள்ளைகள் பரணில் ஒளிந்து படித்தார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் பிள்ளைகளுக்கென்றே இதழ்கள் மழைக்காளான்போல முளைத்தன. அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950இல் உருவானது. தமிழ்வாணன் முதலில் 'அணில்', பிறகு 'கல்கண்டு' என்று இதழ் நடத்தினார். தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கும் சங்கர்லாலைப் படைத்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் அட்டையில் இருந்தாலே யார் புத்தகம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 1947 ஜூலையில் தமிழில் 'அம்புலிமாமா'வாகவும் தெலுங்கில் 'சந்தமாமா'வாகவும் ஒன்றாகத் தொடங்கிய இதழ் 1949இல் கன்னடத்துக்கும் போனது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு இது பொருத்தமான இதழ். பாட்டி தெலுங்கு பேசுவார், பக்கத்து வீடு கன்னடம், பள்ளிக்கூடம் தமிழ். மூன்று மொழியிலும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் ஒரே கதையைப் பேச முடிந்தது.

இதழ் வந்ததும் வீட்டில் ஒரு வரிசை உண்டு. மூத்தவர் படித்து முடித்தால்தான் அடுத்தவர் கைக்கு. 'தொடரும்' என்ற சொல்லைப் போல அந்த வயதில் வெறுத்த சொல் வேறு இருக்காது. கதை முடிந்ததும் அடுத்த வேலை தொடங்கும். தொடர் வந்த தாள்களை மட்டும் பிளேடால் கீறி எடுத்து அடுக்குவார்கள். கோணி ஊசியால் ஓரத்தில் மூன்று இடத்தில் துளை போட்டு, நூல் கோத்து இறுக்குவார்கள். வசதி இருந்தால் பைண்டிங் கடையில் காலிகோ ஒட்டி அட்டை போடுவார்கள். இல்லாவிட்டால் பழைய காலண்டர் அட்டையே மேலட்டை. நூல் இறுகும்போது ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் மடிப்புக்குள் போய்விடும். அந்த எழுத்தை ஊகித்தே படிக்க வேண்டும். கீறிய தாளின் மறுபக்கத்தில் வேறு எதுவோ பாதி இருக்கும்: அரைகுறை விடுகதை, விடை வேறு பக்கத்தில் போயிருக்கும், பேனா நண்பர் முகவரிகள், பற்பொடி விளம்பரம். இரவல் வாங்கிப்போனவர் திருப்பித் தரும்போது கடைசி இரண்டு தாள் இருக்காது. குற்றவாளி யார் என்று தெரியாமலே ஐம்பது வருடம் வாழ்ந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர்.

அப்படி ஒரு பைண்டு புத்தகம் இத்தனை வருடம் கழித்துக் கைக்கு வரும்போது, ஆறாம் வகுப்பில் படித்த வேகத்தில் அதைப் படிக்க முடிவதில்லை. அப்போது கண் ஓடியது முடிச்சின் பின்னால். இப்போது கண் நிற்கும் இடங்கள் வேறு.

உதாரணத்துக்கு ஒன்று. எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானியர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' உலகத்தின் பல மொழிப் பிள்ளைகளும் படித்த புத்தகம். எமில் ஏழைச் சிறுவன். பெர்லினில் இருக்கும் பாட்டிக்கும் அவன் செலவுக்குமாக அம்மா கொடுத்த 140 மார்க் பணம் பையில் இருக்கிறது. தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அதைச் சட்டைப் பையின் உள்துணியோடு ஒரு குண்டூசியால் குத்தி வைக்கிறான். ரயிலில் தூங்கிப்போகிறான், எதிரே இருந்தவன் பணத்தோடு மறைந்துவிடுகிறான். பெர்லின் தெருப் பிள்ளைகள் கூட்டமாகத் திருடனைத் துரத்திப் பிடிக்கிறார்கள். பணம் உன்னுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கும்போது, எமில் அந்த ஊசித் துளைகளைச் சொல்கிறான். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். துளை இருக்கிறது.

பத்து வயதில் படிக்கும்போது அந்த ஊசித் துளை ஒரு சாமர்த்தியமான தடயம். நாற்பது வயதில் படிக்கும்போது அதே துளை வேறொன்றாகத் தெரிகிறது. எமிலின் அம்மா விதவை. வீட்டிலேயே தலைமுடி அலங்காரம் செய்து சம்பாதிப்பவர். அந்தப் பணம் சேர எத்தனை தலைகள் கழுவியிருப்பார் என்று எமிலுக்குத் தெரியும். அதனால்தான் ஊசி குத்தினான். பணத்தை மீட்டுக் கொடுத்தது அந்த வீட்டின் வறுமை. கதாசிரியர் இதை முதல் பக்கங்களிலேயே சொல்லிவிட்டார். சிறு வயதில் யாரும் கவனித்திருக்க மாட்டோம். மறுவாசிப்பில் கிடைக்கும் செல்வம் இதுபோன்றது.

எல்லாப் புத்தகமும் இப்படி வளர்ந்து நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசை 1942இல் தொடங்கி 1963வரை 21 புத்தகங்களாக வந்தது. பெங்களூர், சென்னைப் பக்கத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக அதைப் படித்திருக்கிறார்கள். நான்கு பிள்ளைகள், ஒரு நாய், தீவு, சுரங்கம், வேளாவேளைக்குச் சாப்பாடு. வளர்ந்த பெண் ஒருவர் அதைத் திரும்ப எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சாப்பாடுதான். எடுத்து வைப்பது யார், பாத்திரம் கழுவுவது யார்? ஆன். சிறுமி. கூட்டத்தின் இன்னொரு சிறுமியான ஜார்ஜினாவோ முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு தன்னை ஜார்ஜ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். துணிச்சலாக இருக்க வேண்டுமானால் பையனாகிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பையன்கள் சுரங்கத்துக்குள் இறங்குவதைப் படித்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்த சிறு வயதில் இந்தக் கேள்வி எழாது.

அந்தப் புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகம் 2010இல் பழைய நடையை இன்றைய பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிப் பதிப்பித்தது. வாசகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2016இல் பதிப்பகமே பழைய வாசகத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. தமிழிலும் இந்தக் கேள்வி வரும், வரவேண்டும். நம் பழைய சிறுவர் கதைகளில் குண்டுப் பையன் என்றால் கேலி, வேலைக்காரர் என்றால் சந்தேகம், கறுப்பு என்றால் வில்லன் என்ற பழக்கங்கள் தாராளமாக இருந்தன. அவற்றைத் திருத்தி அச்சிடுவதைவிட, அப்படியே அச்சிட்டு முன்னால் நான்கு பக்கம் நேர்மையாக எழுதிச் சேர்ப்பது நல்லது. பிள்ளைகளுக்குப் புரியும். துப்பறியும் கதை படிக்கிற பிள்ளைக்கு, சந்தேகப்பட வேண்டிய இடத்தைக் காட்டினால் போதும்.

சிறு வயதுப் புத்தகத்துக்குத் திரும்புவது தமிழில் ஒரு சந்தையாகவே இருக்கிறது என்பதற்குச் சிவகாசி சாட்சி. அந்த ஊர் முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. பிரிட்டனில் 'வேலியன்ட்' என்ற இதழில் அந்தப் படக்கதை முதலில் வந்தது 1962 அக்டோபரில். 'நந்திமலைச் சாரலிலே' வந்த அதே ஆண்டு. மாயாவியின் மறுபதிப்புகளை இன்றைக்கு முன்பதிவு செய்து வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அன்றைய பள்ளிப் பிள்ளைகள். இப்போது வங்கியிலும் ஆலையிலும் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறவர்கள். எங்கோ ஒரு விஞ்ஞானக் கூடத்தில் கையை இழந்தவன் தமிழ்ப் பிள்ளையின் இளமைக்குள் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறான்.

அவன்மேல் குறை இல்லை. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. தமிழ்ப் பிள்ளைகளின் மர்மக் கதைகள் நிறையவே வெளியூரில் நடந்தன. சங்கர்லால் பெர்லினுக்கும் ஹாங்காங்குக்கும் போனார். மொழிபெயர்ப்புப் படக்கதைகள் நியூயார்க்கில் நடந்தன. உள்ளூர்க் கதை என்றால் பெயரில்லாத காடு, பெயரில்லாத பாழடைந்த பங்களா. இந்த எல்லைப் பகுதிக் காட்டைப் பெயர் சொல்லி எழுதிய புகழ்பெற்ற கதைகள்கூட ஆங்கிலத்தில்தான் வந்தன. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட வேட்டைக் கதைத் தொகுப்பில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியும் கும்ளாபுரத்துச் சிறுத்தையும் வருகின்றன. தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிற பேருந்தில் பெயர்ப்பலகை பார்த்துக் கடந்துபோகிற ஊர்கள் அவை; உலகமெங்கும் சாகசம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்கள்.

இந்த இடத்தில்தான் பதின்ம வயது லட்சுமியின் தலைப்பு முக்கியமாகிறது. பெங்களூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நந்திமலை பக்கத்து மலை. விடியற்காலையில் புறப்பட்டால் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 1,478 மீட்டர் உயரம், திப்புவின் கோட்டை, 1791இல் கார்ன்வாலிஸின் படை முற்றுகையிட்டுப் பிடித்த மதில், அடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயில், மேலே மேகம். மர்மக் கதைக்கு வேண்டிய எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. தமிழ் பேசும் பிள்ளைகள் கன்னட நாட்டு மலைச்சாரலை மர்மத்தின் களமாக நினைத்துப் பார்க்கலாம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார் அவர். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்து ஆறே ஆண்டு ஆகியிருந்த சமயம் அது.

ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு சிறுவர் மர்மக் கதை என்ன செய்யும் என்பதற்கு வங்காளத்தைப் பார்க்கலாம். சத்யஜித் ராய் தன் தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழை 1961இல் மீண்டும் கொண்டுவந்தார். 1965இல் அதில் ஃபெலுடா என்ற துப்பறிவாளரை அறிமுகப்படுத்தினார். ஃபெலுடா கதை ஒன்று ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில், ஜைசல்மேர் கோட்டையில் முடிகிறது. 1974இல் ராயே அதைப் படமாக்கினார். 'சோனார் கெல்லா', தங்கக் கோட்டை. அதற்குப் பிறகு வங்காளிகள் குடும்பம் குடும்பமாக ஜைசல்மேருக்குப் போகத் தொடங்கினார்கள், இன்றும் போகிறார்கள். அப்பா சிறு வயதில் படித்த புத்தகத்தின் கோட்டையை மகளுக்குக் காட்டுகிறார். ஃபெலுடா கதைகள் வீ.பா. கணேசன் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கின்றன. பாரூர்ப் பிள்ளைகள் வாங்கிப் படிக்கலாம். வங்காளத்தில் ஒரு சிறுவர் நாவல் தாத்தாவிடமிருந்து பேத்திக்குக் கைமாறுகிற சொத்து. தமிழில் பெரும்பாலும் பழைய பேப்பர்.

அம்பைக்கு வருவோம். அவருடைய இலக்கிய வரலாற்றைச் சொல்கிறவர்கள் 1966இல் கலைமகளின் நாராயணசாமி ஐயர் பரிசு பெற்ற 'அந்திமாலை' நாவலைத் தொட்டுவிட்டு, 1967இல் எழுதிய 'சிறகுகள் முறியும்' கதையிலிருந்து கணக்கைத் தொடங்குவார்கள். சிறுவர் நாவல் ஒரு வரியில் வந்துபோகும். சில இடங்களில் அதுவும் இருக்காது. பிறகு தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய ஆய்வு நூல், 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம், பெண் இசைக் கலைஞர்களைப் பற்றிய நூல், விருதுகள் என்று பட்டியல் நீளும்.

இந்த வரிசையில் தொடக்கத்தை வெட்டினால் ஒரு முக்கியமான இழை அறுந்துபோகிறது. ஸ்பாரோவில் நடப்பது என்ன? ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பாடகியின், ஒரு நடனக்காரரின் எதிரில் உட்கார்ந்து கேட்பது. அவர் சொல்லாமல் விட்ட இடத்தைக் கவனிப்பது. மரப்பெட்டியிலிருந்து பழைய புகைப்படத்தை எடுக்கச் சொல்லி, ஓரத்தில் நிற்கும் பெண் யார் என்று விசாரிப்பது. வரலாறு கண்டுகொள்ளாமல் விட்ட ஒருவரின் தடயத்தைத் தேடிப் போவது. சாட்சி, தடயம், விசாரணை. துப்பறியும் கதை எழுதிப் பழகிய கைக்கு இந்த வேலை அந்நியமாக இருந்திருக்காது.

இது வெறும் ஊகம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அம்பையே பதில் வைத்திருக்கிறார். 2014இல் காலச்சுவடு வெளியீடாக 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' வந்தது. மூன்று நீண்ட கதைகள். மூன்றிலும் துப்பறிகிறவர் சுதா குப்தா. மும்பையில் வாழும் குடும்பப் பெண், தொழில்முறைத் துப்பறிவாளர். துப்பாக்கி வெடிப்பதோ கார் துரத்துவதோ இந்தக் கதைகளின் மையமில்லை. வீட்டுக்குள், உறவுக்குள், நகரத்தின் நெரிசலுக்குள் மனிதர்கள் காணாமல் போகும் விதத்தை சுதா தேடுகிறார். 1962க்கும் 2014க்கும் இடையில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள். சிறு வயதில் நேசித்த மர்மக் கதைக்கு வாசகர்கள் திரும்பிப் போவது உண்டு. இங்கே எழுதியவரே திரும்பிப் போயிருக்கிறார், அரை நூற்றாண்டு அனுபவத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு.

'ஃபேமஸ் ஃபைவ்' கதைகளின் ஆன் என்ற சிறுமியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பையன்கள் சுரங்கத்துக்குள் போகும்போது வெளியே சாப்பாடு எடுத்து வைத்தவள். சுதா குப்தா சமையலறையை விட்டு ஓடிவந்தவர் இல்லை; பையனைப் போல முடி வெட்டிக்கொண்டவரும் இல்லை. வீடு நடத்தத் தெரிந்த பெண்ணின் கவனமே துப்பறியும் கவனம் என்று அம்பை காட்டுகிறார். சீசாவில் எவ்வளவு எண்ணெய் குறைந்தது, யார் குரலில் இன்றைக்கு ஈரம் இல்லை என்பதெல்லாம் பெண்கள் தினமும் செய்யும் துப்பு வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. தமிழில் துப்பறியும் கதையின் நூற்றிருபது ஆண்டு வரலாற்றில் இந்தத் திருப்பம் பெரியது. அதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

இனி நம் ஊருக்கு.

1962இல் பாரூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஓசூரில் சிப்காட் இல்லை. லாரித் தொழிற்சாலையோ கடிகாரத் தொழிற்சாலையோ இல்லை. இன்று பக்கத்துப் போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலை என்று 2021இல் அறிவித்தார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களில் பலருக்கு, லட்சுமி நாவல் எழுதிய வயதைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதல். அவர்களுடைய தங்கைகள் இந்த ஊர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் எழுதுவதற்கு மர்மம் இங்கே இல்லையா?

பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லில் யார் செத்தார், எதற்காகச் செத்தார் என்று கேட்டாலே ஒரு நாவல் தொடங்கிவிடும். மல்லச்சந்திரத்தின் கற்திட்டைகள் இருக்கின்றன. ராயக்கோட்டை மலைக்கோட்டை இருக்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை ஒரு சிறுவனின் கதையாக்கி 2023இல் பால சாகித்திய விருது பெற்றது. அப்படி ஒன்று இந்த மண்ணிலிருந்தும் வர வேண்டும்.

இவற்றைவிட அவசரமான மர்மம் ஒன்று தண்ணீரிலேயே இருக்கிறது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது ஆற்றில் வெள்ளை நுரை மலைமலையாகப் பொங்கி வருவதைச் செய்தியில் பார்த்திருக்கிறீர்கள். தரைப்பாலத்தையே மூடி, வண்டி போக முடியாமல் நின்ற நாட்களும் உண்டு. பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஆற்றில் கலப்பதுதான் காரணம் என்று பெரியவர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் ஒரு வரியோடு நிற்கமாட்டார்கள். பாரூரில் இருக்கும் நான்கு பிள்ளைகள் அந்த நுரையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாட்சி ஏரியில் வலை போடுகிறவர்; எந்த மாதத்தில் மீன் மிதக்கிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது சாட்சி நெடுங்கல் மதகுக்காரர். மூன்றாவது, காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பும் ஓசூர்ப் பசுமைக்குடிலில் பூ அறுக்கிற அக்கா. தண்ணீர் மாறினால் முதலில் பார்க்கிறவர் அவர். அதற்கு மேலே போனால் சாட்சிகள் தெலுங்கில் பேசுவார்கள், பிறகு கன்னடத்தில். சென்னையிலிருந்து வரும் துப்பறிவாளருக்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கடைத்தெருவில் மூன்றையும் கேட்டே வளர்ந்தவர்கள். கதை முடிகிற இடத்தில், நுரை இல்லாத, கண்ணாடி மாதிரித் தண்ணீர் கசியும் ஒரு மலைச்சாரல். நந்திமலைச் சாரல்.

கண்ணன் இதழ் செய்ததை ஒரு கிளை நூலகம் செய்யலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாவல் போட்டி. கட்டுரைப் போட்டியோ வாசகப் போட்டியோ அல்ல, முழு நாவல். நாற்பது பக்கமானாலும் நாவல். இந்த மாவட்டத்தின் உண்மையான ஓர் ஊரில் கதை நடக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். பரிசுப் பணத்தைவிட, அச்சில் ஒரு புத்தகமாகக் கையில் கொடுப்பதுதான் அந்த வயதில் பெரிய பரிசு.

இன்னொரு வேண்டுகோள் பெரியவர்களுக்கு. இந்தக் கூட்டத்திலேயே சிலர் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அதை இறக்கி, பழைய பேப்பர்க்காரரின் தராசில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள். கண்ணன், அணில், கல்கண்டு, பூஞ்சோலை என்று எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் தனியே எடுத்து வையுங்கள். அட்டை போயிருந்தாலும் சரி, முதல் எழுத்துகள் தையலுக்குள் போயிருந்தாலும் சரி. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படித் தேடிச் சேர்த்த தாள்களிலிருந்துதான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. உங்கள் பெட்டியில் இருப்பது, வேறு யாரோ ஒருவர் ஐம்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி இரண்டு தாளாகவும் இருக்கலாம்.